ராத்திரி டியூட்டியும் இடுப்புச் சுற்றளவும்

லோதி ரோடு இரவில் தூங்குகிற ரோடு அல்ல. மௌசம் பவனில் வானிலைக் கணக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும். உலகம் பூராவும் கிரீன்விச் நேரப்படி ஒரே சமயத்தில் எடுக்கப்படும் கணக்கு அது. ஆகையால் நம் கடிகாரத்தில் இரவு பதினொன்றரை, பின்னிரவு இரண்டரை, விடியற்காலை ஐந்தரை என்று வருகிறது. சற்றுக் கிழக்கே சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ் வாசல்களில் காவல் மாறிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அறைகளில் விளக்கு அணைவதில்லை. தெற்கே கொஞ்சம் தள்ளி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியிலும் எய்ம்ஸிலும் நர்ஸுகள் வார்டு வார்டாக நடந்துகொண்டிருப்பார்கள். இவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டாலும் பதில் சொல்ல ஒருவராவது இருப்பார்.

சாப்பிட்டாச்சுதான். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதில்தான் வில்லங்கம். இருபத்து மூன்று வயதில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது ஒல்லியாக இருந்த பையன், முப்பத்தைந்து வயதில் பழைய போட்டோவைக் காட்டினால் "இது யார், உன் தம்பியா?" என்று கேட்கும்படி ஆகிவிடுகிறான். கல்யாணச் சாப்பாடு, டில்லிக் குளிர், பால் தயிர் செழிப்பு என்று பல காரணம் சொல்லுவோம். முறை மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது அவருடைய டியூட்டி சார்ட்டிலேயே இருக்கிறது.

பத்து-ஐந்துக்காரருக்கு எழுதிய சட்டம்

டாக்டரிடம் போனால் சொல்லும் புத்திமதி நமக்கு மனப்பாடம். விடியற்காலையில் எழுந்து நடங்கள். இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். உத்தமமான யோசனைதான். ஆனால் இது பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் உத்தியோகஸ்தருக்கு எழுதிய சட்டம். இரவு எட்டு மணிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறவர் இதை என்ன செய்வார்? இரண்டு நாள் முயன்று பார்ப்பார். மூன்றாம் நாள் டியூட்டி மாறும். நான்காம் நாள், "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று விட்டுவிடுவார்.

அவருக்கு மனவுறுதி இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அது நியாயமல்ல. கடிகாரத்தோடு கட்டிய திட்டம், கடிகாரம் மாறினால் அறுந்துதான் போகும். ஷிப்ட்காரர் தம் திட்டத்தைத் தாம் எழுந்திருக்கும் நேரத்தோடு கட்ட வேண்டும். எழுந்ததிலிருந்து இத்தனை மணி நேரத்தில் சாப்பாடு, டியூட்டிக்குப் புறப்படும் முன் இவ்வளவு நடை, திரும்பியதும் தூக்கம் என்று வைத்துக்கொண்டால், எழுவது காலை ஆறு மணியாக இருந்தாலும் மாலை நான்கு மணியாக இருந்தாலும் வரிசை குலையாது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

ராத்திரி விழிப்பதற்கும் தொப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இருபத்து நான்கு மணி நேரச் சுற்றில் ஓடும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கண்ணில் விழும் சூரிய வெளிச்சம் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. பகலில் சாப்பிட்டதைச் செரித்துச் சர்க்கரையைச் சீராக வைக்கத் தயாராக இருக்கும் உடம்பு, பின்னிரவில் கடையைக் கட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே தள்ளும் அதே பரோட்டா, ரத்தத்தில் சர்க்கரையைப் பகலைவிட அதிகம் ஏற்றுகிறது.

தூக்கக் குறைவு செய்யும் வேலை இதைவிடச் சூதானது. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். நிறையத் தூங்கிய நாட்களோடு ஒப்பிடுகையில், வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு 18 சதவிகிதம் குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவிகிதம் கூடியது. பசி ஏறியதோடு, இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமுமாகக் கேட்டது மனம். விடியற்காலை நான்கு மணிக்குச் சமோசா தட்டைப் பார்த்ததும் கை தானாகப் போவதற்குக் காரணம் நாக்கு மட்டும் அல்ல என்று இப்போது தெரிகிறதல்லவா?

குமாஸ்தாக்களைப் பற்றி இரண்டு ஆராய்ச்சி

உட்கார்ந்த வேலைக்கும் எடைக்கும் உள்ள உறவை உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து நிபுணரும் அவருடைய இந்தியச் சகாக்களும் மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் மில்லைச் சேர்ந்த 213 பேரை ஆராய்ந்து 1956-ல் முடிவை வெளியிட்டார்கள். நாள் பூராவும் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், மெஷின்காரர்கள், நிலக்கரி சுமப்பவர்கள் என்று எல்லாத் தரத்தாரும் அதில் உண்டு. பாரம் சுமந்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள், எடை ஏறவில்லை. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் மறுகோடியில் இருந்தது. கொஞ்சம் நடமாடும் வேலைக்காரர்களைவிட, அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். அதாவது, ஓரளவாவது அசையும் உடம்பு தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சரியாகக் கேட்கிறது. அடியோடு அசையாத உடம்புக்கு அந்தக் கணக்குத் தப்பிவிடுகிறது.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1953-ல், லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் இரட்டை மாடி பஸ் சிப்பந்திகளை ஆராய்ந்தார். ஒரே பஸ், ஒரே வர்க்கத்து ஜனங்கள். டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. தபால் இலாகாவிலும் கடிதம் சுமந்து நடந்த தபால்காரருக்கும் மேஜை குமாஸ்தாவுக்கும் இதே வித்தியாசம். பின்னால் 1956-ல் அதே டாக்டர் கம்பெனி கொடுத்த யூனிபாரம் கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். எந்த வயதிலும் டிரைவர்களின் இடுப்பே பெரிது. உடம்பு கனத்தவர்களே டிரைவர் வேலையைத் தேடி வந்திருக்கலாமே என்ற சந்தேகமும் அப்போதே எழுந்தது. அதுவும் ஞாயமான சந்தேகம்தான். ஆனாலும் அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அசைவின் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

ஷிப்ட்காரரின் துரதிர்ஷ்டம், உட்கார்ந்த வேலை, தூக்கக் குறைவு, நேரங்கெட்ட சாப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து அவர் தலையில் விழுவதுதான்.

அரைஞாண் கயிறு சொல்லும் சேதி

"எனக்கென்ன, நான் ஒன்றும் குண்டு இல்லையே" என்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் குறியீட்டில் வெள்ளைக்காரர்களுக்கு 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. நமக்கு 23-லேயே மணி அடிக்கச் சொல்கிறார்கள். 25 என்றால் உடற்பருமன். காரணம், நம்மவர்களுக்கு கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள் சேருகிறது. 165 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ள ஒருவருக்கு 63 கிலோவில் எச்சரிக்கை. 68 கிலோவில் அபாயம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது.

டேப் இல்லாதவர் ஒரு சணல் கயிற்றால் தம் உயரத்தை அளந்து, அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டு முனையும் சேரவில்லை என்றால் இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். இங்கிலாந்தில் 2022 முதல் டாக்டர்கள் ஜனங்களுக்குச் சொல்லும் சோதனை இது. நம் தாத்தாக்களுக்கு இது புதிதல்ல. அரைஞாண் கயிறு இறுகினால் அவர்களுக்குச் சேதி புரிந்துவிடும்.

சேதி என்னவென்றால் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஒருவர் நாற்பது வயதில் சர்க்கரை நோயாளியாகி, மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் செலவழித்து, காலில் புண் வந்து லீவு போட்டால், இடிவது அவர் ஒருவர் மட்டும் அல்லவே.

ஆறுதலான செய்தியும் சென்னையிலிருந்துதான் வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவைச் சொன்னார்கள். பெரும்பாலும் உத்தியோகம் பார்க்கும் நடுத்தர வர்க்கத்தார், நம்மைப் போன்றவர்கள். பொதுவான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் 55 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்திக்கொண்டு தினம் அரை மணி நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவிகிதம் பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இவர்களுக்குச் சராசரியில் எடை குறையவே இல்லை! தராசு முள் அசையாவிட்டாலும் பலன் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் முயன்று முக்கால் கிலோகூட இறங்கவில்லை என்று சலித்துக்கொள்பவர் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தூக்கம்

எங்கிருந்து தொடங்குவது? எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் சோற்றில் கை வைக்கிறார்கள். ஷிப்ட்காரர் தூக்கத்தில் தொடங்குவது நல்லது. சிகாகோவிலேயே 2022-ல் இன்னொரு பரிசோதனை நடந்தது. எடை அதிகமாகவும் தூக்கம் ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருந்த 80 பேரில் ஒரு பகுதியாருக்குத் தூக்கத்தை மட்டும் சுமார் ஒண்ணேகால் மணி நேரம் கூட்டினார்கள். சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் சாப்பிட்டது தினமும் சராசரி 270 கலோரி தானாகக் குறைந்தது. ஒரு சமோசாவுக்குச் சமம்!

பகலில் தூங்குவது டில்லியில் சுலபமில்லை. கோட்லா முபாரக்பூரிலோ முனிர்க்காவிலோ ஒரே அறையில் நான்கு பேர். ஒருவர் படுக்கும்போது இன்னொருவர் டிபன் டப்பாவைத் தேடுவார். கீழே சப்ஜிவாலா கூவுவார். இருந்தாலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அல்லது பழைய போர்வை; கண்ணுக்கு ஒரு துண்டு; போனை மௌனமாக்கி எட்டாத தூரத்தில் வைப்பது. கோடையில் கூலரின் இரைச்சலே மற்ற சத்தங்களை விழுங்கிவிடும். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் கிடைக்காவிட்டால், காலையில் ஐந்து மணி நேரமும் டியூட்டிக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரமுமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரவு டியூட்டி முடிந்து வருபவர்கள் லோதி தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாம் என்று நினைப்பது உண்டு. நல்ல எண்ணம், ஆனால் தப்பான நேரம். காலை வெயில் கண்ணில் பட்டதும் உடம்புக் கடிகாரம் "விடிந்தது, எழுந்திரு" என்கிறது. பிறகு படுத்தால் புரள வேண்டியதுதான். ராத்திரி டியூட்டி முடிந்தால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவதே உசிதம். தோட்டம் எங்கும் ஓடிவிடாது. 1936-ல் வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரில் திறக்கப்பட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறிய அந்த தொண்ணூறு ஏக்கரில் நுழைய இன்றைக்கும் டிக்கெட் கிடையாது. மாலையில் டியூட்டிக்குப் புறப்படும் முன் சிக்கந்தர் லோதியின் சமாதி வரை நடந்து வாருங்கள். அந்த வெளிச்சம் உங்களை இரவுக்கு விழிப்பாகவும் வைக்கும்.

வார விடுமுறை வந்தால் ஒரே நாளில் பகல் மனிதராக மாறிவிட முயல்வதும் சரியல்ல. நிரந்தர இரவு டியூட்டிக்காரர் விடுமுறையன்று ஒரு மணி, இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பது பத்துக்கு எழுந்தால் மறுவாரம் உடம்பு அதிகம் தடுமாறாது. முறை மாறும் டியூட்டி என்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாறுவது உடம்புக்குச் சுலபம். இரவிலிருந்து மாலைக்கும் காலைக்கும் பின்னோக்கி இழுப்பது கஷ்டம். சார்ட் போடுகிறவர் நம்மவராக இருந்தால் அவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். இதற்குப் பைசா செலவில்லை.

டீ, சமோசா, தயிர்சாதம்

இரண்டு வாரம் தூக்கம் ஓரளவு நிலைப்பட்ட பிறகு சாப்பாட்டுக்கு வரலாம். 2021-ல் அமெரிக்காவில் 19 பேரை இரவு வேலை செய்வதுபோல் வைத்து, ஒரு பகுதியாருக்கு இரவிலும் சாப்பாடு கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குப் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவிகிதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. இதை அப்படியே நம்மால் பின்பற்ற முடியாது. பாரம் தூக்குகிறவரும், வார்டில் இரவெல்லாம் நடக்கிற நர்ஸும் பட்டினி கிடக்கக்கூடாது. ஆனால் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம்: முக்கியச் சாப்பாடு டியூட்டிக்குப் போகும் முன், வீட்டில். நடுராத்திரிக்குள் ஒரு சின்ன ஆகாரம். ஒரு மணி முதல் விடியும் வரை தண்ணீர் தவிர வேறில்லை. வீடு திரும்பியதும் இரண்டு இட்லியோ, கேழ்வரகுக் கஞ்சியோ; வெறும் வயிற்றோடு படுத்தால் பசி பத்து மணிக்கே எழுப்பிவிடும்.

நடுராத்திரிக்கு என்ன கொண்டுபோவது? சுண்டல்தான். கறுப்புக் கொண்டைக்கடலை இங்கே எந்த மளிகைக் கடையிலும் காலா சனா என்று கிடைக்கும். காலையில் ஊறப் போட்டால் மாலையில் வெந்துவிடும். அவித்த முட்டை, மோர், கொய்யா எல்லாம் உதவும். அதற்கும் நேரமில்லாத பிரம்மச்சாரிகளுக்குத் தோலோடு வறுத்த கடலை இருக்கிறது. தள்ளுவண்டியில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். தயிர்சாதம் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. டப்பா நிறையச் சாதமும் மேலே ஒரு கரண்டித் தயிருமாக இல்லாமல், சாதம் பாதி, தயிர் பாதி, வெள்ளரியோ காரட்டோ துருவிப் போட்டதாக இருக்கட்டும். தொட்டுக்கொள்ள வடாமும் அப்பளமும் வேண்டாம்.

இனி டீ. டில்லி ஆபீஸ்களில் டீ என்பது பானமல்ல. அது ஒரு கால அளவு. இரவு டியூட்டியில் ஆறு தரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரத்துக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சர்க்கரை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி நாள் முழுவதற்குமே 25 கிராமுக்கு மேல் வேண்டாம். அந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ஓர் அறையில் மெக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்தது. ஆகவே நம்மூர்ப் பேச்சு என்றே எண்ணிக் கேட்கலாம்.

அரியர்ஸ் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எம்மாத்திரம்! ஆறு டீயின் சர்க்கரை 240 கலோரி. மூன்று டீ, ஒவ்வொரு ஸ்பூன் என்று ஆக்கினால் 60. மிச்சம் 180. ஒரு சமோசாவை விட்டால் சுமார் 250. அரை மணி வேகநடையில் 100-க்கு மேல். மொத்தம் ஐந்நூறை எட்டிவிடுகிறது. தினம் ஐந்நூறு கலோரி குறைந்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ இறங்க வேண்டும். போகப்போக உடம்பு சிக்கனம் பிடிக்கப் பழகிக்கொள்வதால் இந்த வேகம் குறையும், அது இயற்கை. வெறும் நடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. அரை மணி நடந்துவிட்டு, நடந்த களைப்புக்கு இரண்டு சமோசா சாப்பிட்டால் நஷ்டக் கணக்குதான்.

கடைசி டீக்கும் படுக்கைக்கும் ஐந்தாறு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். காலை எட்டு மணிக்குப் படுக்கிறவருக்கு விடியற்காலை இரண்டரை மணி டீயே கடைசி.

எங்கே நடப்பது, எப்போது நடப்பது

தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது வேதவாக்கு மாதிரி பரவிவிட்டது. அது 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற நடை அளக்கும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவர் யாரும் விதித்ததல்ல. வயதான பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆராய்ச்சியில் 4,400 அடியிலேயே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் அதிக வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிஷம். ஒரேயடியாக நடக்க வேண்டும் என்பதும் கிடையாது; பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்த்தாலும் கணக்கில் ஏறும்.

ஆகவே ஜோர்பாக் மெட்ரோவில் இறங்குகிறவர் ரிக்ஷாவைக் கூப்பிடாமல் நடக்கலாம். லோதி காலனி வழியாக நடப்பது ஒரு சுகம். 1940-களில் வெள்ளைக்காரர் கட்டிய குவார்ட்டர்ஸின் சுவர்களில் சுமார் பத்து வருஷமாகப் பல நாட்டு ஓவியர்கள் படம் எழுதியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நடந்தால் தூரம் தெரிவதில்லை. ஆபீஸில் லிப்டை விட்டு மாடிப்படி ஏறுங்கள். அதோடு, பிள்ளையார் நமக்குச் சொல்லிக்கொடுத்த தோப்புக்கரணம் இருக்கிறதே, அதற்கு இணையான தேகப்பயிற்சி குறைவு. இரண்டரை மணி சுமாருக்குக் கண் சொக்கும்போது பத்து தோப்புக்கரணம் போட்டால் தொடைத் தசைக்கும் நல்லது, தூக்கமும் கலையும். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

டில்லிக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. தீபாவளி சமயத்திலிருந்து ஜனவரி வரை காலை வேளையில் வெளியே நடப்பது பல நாட்களில் உடம்புக்குக் கெடுதல். காற்று மாசுக் குறியீடு 300-ஐத் தாண்டினால் மிக மோசம், 400-ஐத் தாண்டினால் அபாயம். அந்த நாட்களில் மாடிப்படியும் தோப்புக்கரணமும் கட்டடத்துக்குள் நடையுமே போதும். மே, ஜூனில் இதே விதி வெயிலுக்கும் பொருந்தும்.

தராசும் டாக்டரும்

எடையை வாரம் ஒரு முறை, தூங்கி எழுந்தவுடன், ஒரே தராசில் பாருங்கள். எழுந்த நேரம் காலையா மாலையா என்பது முக்கியமில்லை. மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மாதம் இரண்டு கிலோ இறங்கினால் வெகு நன்று. ஒன்று இறங்கினாலும் நன்றே. "பத்து நாளில் பத்து கிலோ" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போய்ச் சம்பளத்தைக் கொடுக்காதீர்கள். அவர்கள் இறக்குவது பெரும்பாலும் நீரும் தசையும்தான்.

ஏற்கெனவே சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக்கூடாது. மருந்து உள்ளே இருந்து சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, டியூட்டியில் அடிக்கடி கண் அயர்வது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசநோயும் நீரிழிவும் அப்படித்தான் தலைகாட்டும். மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. காண்டிராக்ட் தொழிலாளர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்தால், தங்களுக்கும் ஒரு டிஸ்பென்சரி உண்டு என்பது தெரியவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதில் எதையும் எளிதில் கைக்கொள்ள முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை மறைக்கக்கூடாது. ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ந் தேதி இடிக்கப்பட்டபோது, சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி கிடைத்தது. நடந்துபோகும் தூரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நரேலாவிலிருந்து வந்து போவதிலேயே தூக்க நேரம் கரைந்துவிடும். அப்படி நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரேயொரு காரியத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: டீயில் சர்க்கரையைக் குறைப்பது. அதற்கு நேரமும் வேண்டாம், இடமும் வேண்டாம்.

ராத்திரி டியூட்டி பார்க்கும் பெண்கள் விஷயம் வேறு. ஆண் காலையில் வந்து படுத்தால் "பாவம், டியூட்டி முடிஞ்சு வந்திருக்கார்" என்று வீடு அடங்கும். நர்ஸம்மா வந்தால் குழந்தைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, குக்கர் வைத்து, பதினொரு மணிக்குத்தான் கட்டிலைப் பார்க்கிறார். அவருக்கு எடை குறைய முதல் மருந்து வீட்டிலுள்ள மற்றவர்கள் கையில் இருக்கிறது. முந்தின இரவே காய் நறுக்கி வைக்கலாம். காலைச் சமையலைக் கணவர் ஏற்கலாம். எட்டிலிருந்து இரண்டு வரை அந்த அறைக் கதவைத் தட்டுவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். கேஸ்காரன் வந்தால் அடுத்த வீட்டு மாமியிடம் சாவி இருக்கட்டும்.